டோக்கனும் மெடலும் நாணயச் சேகரிப்பில் சேர்த்தியா?

வாசகர் கேள்வி, ஜனவரி 9

உலக நாணயங்கள் சேர்க்கிறேன். எடைக்கு வாங்கும் கலவைக் காசில் எப்போதும் சில டோக்கன்களும் ஒன்றிரண்டு மெடல்களும் கலந்து வந்துவிடுகின்றன. எந்த நாடும் வெளியிடாதவை, எங்கேயும் செல்லாதவை. இவற்றையும் ஆல்பத்தில் வைத்துக் கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. அரசு வெளியிட்டு மதிப்புப் பொறித்தால் நாணயம். மற்றதெல்லாம் உலோகக் குப்பை. மறுப்பவர் யாராவது உண்டா?

ஜனவரி 9, இரவு

உண்டு. அந்தக் குப்பையை என் பக்கம் தள்ளிவிடுங்கள்.

உங்கள் இலக்கணத்தையே எடுத்துக்கொள்வோம். 2004-இல் சோமாலியா பெயரில் கிதார் வடிவத்தில், பளபளவென்று வண்ணம் பூசிய ஒரு டாலர் காசுகள் வந்தன. நாட்டின் பெயர் இருக்கிறது, மதிப்பு இருக்கிறது. உங்கள் கணக்குப்படி சுத்தமான நாணயம். அதைக் கொடுத்து யாராவது எதையாவது வாங்கியிருப்பார்களா? அச்சடித்த இடத்திலிருந்து நேராகச் சேகரிப்பாளரின் பிளாஸ்டிக் உறைக்குள் போன காசு அது.

இப்போது எதிர்ப்பக்கம். இத்தாலியில் பொதுத் தொலைபேசிக்குப் போடும் டோக்கன், ஜெத்தோனே என்பார்கள். அரசு வெளியிட்ட காசல்ல, மதிப்பும் பொறித்திருக்காது. ஆனால் 1970-களில் அங்கே சில்லறைக்குப் பெரும் பஞ்சம் வந்தபோது கடையில் பாக்கிச் சில்லறையாக இதைத்தான் கொடுத்தார்கள், வாங்கினார்கள். கடைசிக் காலத்தில் 200 லீராவுக்குச் சமமாக ஓடியது. இரண்டில் எது காசு?

ஜனவரி 10

ஜெத்தோனே எப்படி இருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். உங்கள் கலவைப் பையில் நிச்சயம் ஒன்று இருக்கும், தேடிப் பாருங்கள். பழுப்பேறிய வெண்கல நிறம், 24 மில்லிமீட்டர் அகலம். ஒரு பக்கம் நடுவில் ஒரு பள்ளக் கோடு, மறுபக்கம் இரண்டு. கருவிக்குள் சரியாக வழுக்கி விழுவதற்கும் போலியைத் தடுப்பதற்கும் அந்தக் கோடுகள். தொலைபேசியின் படமும் உண்டு.

எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும். பலர் அதை வரிசை எண் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு, பின் இரண்டு மாதம். 7704 என்றால் 1977 ஏப்ரல். எந்த நாணயச்சாலை தன் காசில் மாதம் போடுகிறது சொல்லுங்கள்? ஆண்டுக்கு ஒன்று என்று சேர்ப்பவர்கள் இதில் இறங்கினால் மாதத்துக்கு ஒன்று தேட வேண்டியிருக்கும். குடும்பத்தார் என்னைத் திட்ட வேண்டாம்.

ஜனவரி 10, பிற்பகல்

என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன், பிறகு அடித்துக்கொள்ளலாம். பொருளை யார் வெளியிட்டார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அது வேலை செய்ததா? கை மாறியதா? தேய்மானம் இருக்கிறதா? லென்ஸ் வைத்துப் பார்த்தால் உருவத்தின் கன்னம், காதோரம், விளிம்பின் மேடு எல்லாம் மழுங்கி, எழுத்துக்கு இடையே மட்டும் அழுக்குக் கறுப்பாகத் தங்கியிருந்தால் அது பிழைப்புப் பார்த்த காசு. நான் வைத்துக்கொள்வேன். கண்ணாடி மாதிரி மின்னுவது யாருக்கு வேண்டுமோ அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 13

"அப்படியானால் மரியா தெரேசா தாலர் எந்தப் பெட்டி?" என்று மடக்கியிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி.

தாலர் என்பது பெரிய வெள்ளிக் காசு. இதில் முகம் பொறித்த ஆஸ்திரிய அரசி மரியா தெரேசா 1780-இல் இறந்தார். அன்று முதல் இன்று வரை அந்தத் தாலரில் ஆண்டு 1780-தான். எத்தியோப்பியாவிலும் அரேபியக் கரையிலும் வியாபாரிகள் வேறு ஆண்டு போட்ட காசை நம்ப மறுத்ததால் வியன்னா அதே அச்சைத் தொடர்ந்தது. பிறகு முசோலினி 1935-இல் அச்சு வார்ப்பை ரோமுக்கு வாங்கிக்கொண்டார், எத்தியோப்பியப் படையெடுப்புக்குக் காசு வேண்டும் என்று. மற்ற நாடுகளும் சும்மா இருக்கவில்லை. லண்டன், பாரிஸ், பம்பாய் என்று ஆளுக்கொரு பக்கம் அச்சடித்தார்கள். எல்லாவற்றிலும் 1780. எல்லாமே அசல் வெள்ளி, எல்லாமே அசல் எடை. அந்த அரசி உயிரோடு இருந்தபோது அடித்தது எது, 1940-இல் பம்பாயில் அடித்தது எது என்று பிரிப்பதற்குச் பின்பக்கக் கழுகின் இறகையும் அரசியின் மார்பு ஊசியின் முத்தையும் எண்ணுகிறார்கள்.

என் பதில்: தேய்ந்திருந்தால் காசுப் பெட்டி. தேயாமல் புதுசாக இருந்தால் அது நினைவுப் பொருள், விற்கிறவர் என்ன கதை சொன்னாலும் சரி.

போலியும் ஏராளம் என்பதால் சோதனையைச் சொல்கிறேன். எடை 28.07 கிராம் இருக்க வேண்டும். விளிம்பில் சாதாரணப் பற்கள் இருக்கக் கூடாது, அரசியின் குறிக்கோள் வாசகம் மேடெழுத்தில் ஓடும். அப்புறம் தண்ணீர்ச் சோதனை. சின்னத் தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துச் சுழியாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீரில் முழுக்கித் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. இந்தத் தாலர் ஆறில் ஐந்து பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு. அப்படியென்றால் அடர்த்தி ஏறத்தாழ 10.2, தராசு 2.75 கிராம் அருகில் நிற்கும். மேலே வெள்ளி பூசிய பித்தளை என்றால் 3.3-ஐத் தொட்டுவிடும். காசை உரசவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். நூலில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் மட்டும் தட்டிவிடுங்கள், கணக்குக் கெட்டுவிடும்.

ஜனவரி 14

ஒருவர் தம்ளரைத் தராசிலேயே கவிழ்த்துவிட்டாராம். அதற்கு நான் பொறுப்பல்ல.

ஜனவரி 17

டோக்கனைப் பொம்மைக் காசு என்றவருக்கு. 1780-களில் பிரிட்டனில் செம்புச் சில்லறை அரசிடமிருந்து வரவே இல்லை, புழங்கியதில் பெரும்பகுதி கள்ளக்காசு. கூலி கொடுக்கச் சில்லறை இல்லாமல் 1787-இல் ஆங்கிள்சீ தீவின் பாரிஸ் சுரங்க நிறுவனம் தானே பென்னி டோக்கன் அடித்தது. (இந்தப் பாரிஸ் ஒரு மலை, பிரான்ஸின் தலைநகரம் இல்லை.) முன்பக்கம் ஓக் இலை மாலைக்குள் முக்காடிட்ட ட்ரூயிட் ஒருவரின் தலை, பழங்கால கெல்டியப் பூசாரி. விளிம்பைச் சுழற்றிப் படித்தால், லண்டனிலோ லிவர்பூலிலோ ஆங்கிள்சீயிலோ கேட்டவுடன் பணம் தருவோம் என்ற உறுதி இருக்கும். அதைப் பார்த்து ஊருக்கு ஊர் கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் தொடங்கினார்கள். பத்தாண்டில் வகைவகையாக ஆயிரக்கணக்கில் வந்துவிட்டன.

அரசு விழித்தது 1797-இல். பர்மிங்ஹாம் ஆலை முதலாளி மேத்யூ போல்ட்டன் தன் நீராவி இயந்திரங்களில் ஒரு பென்னி, இரண்டு பென்னி அடித்துக் கொடுத்தார். ஒரு பென்னி சரியாக ஒரு அவுன்ஸ் செம்பு, இரண்டு பென்னி இரண்டு அவுன்ஸ். தடித்த மேட்டு விளிம்பைப் பார்த்து மக்கள் வண்டிச்சக்கரம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், இரண்டு பென்னியைச் சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும்.

ஆக, அரசு செய்ய வேண்டியதைச் செய்யாத இடத்தில் பிறந்ததுதான் டோக்கன். அதைக் குப்பை என்று ஒதுக்கினால் அந்தப் பத்தாண்டுச் சில்லறை வரலாறே ஆல்பத்தில் காலி.

ஜனவரி 21

கேள்வி கேட்டவர் பேச்சை மாற்றுகிறார்: "புரியாத எழுத்துள்ள காசுக்கு ஆண்டு எப்படிக் கண்டுபிடிப்பது?" மாற்றட்டும், எனக்கும் இதுதான் பிடித்த பகுதி.

தாய்லாந்து: பௌத்த ஆண்டு. 543 கழிக்க வேண்டும். 2540 என்றால் 1997. நேபாளம்: விக்ரம் ஆண்டு, 57 கழித்தால் ஏறக்குறைய சரியாக வரும். தைவான்: குடியரசு ஆண்டு, 1911 கூட்ட வேண்டும். எத்தியோப்பியா நம் கணக்குக்கு ஏழெட்டு ஆண்டு பின்னால் நிற்கும். எழுத்தும் அவர்களுடைய சொந்த எண்கள், அட்டவணை பக்கத்தில் வேண்டும்.

அரபு எண்களில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று. வட்டமாக இருப்பது ஐந்து. பூச்சியம் வெறும் புள்ளி. இது தெரியாமல் ஐந்தையெல்லாம் பூச்சியமாகப் படித்தால் காசு எந்த நூற்றாண்டுக்கோ போய்விடும். ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு சந்திரக் கணக்கு என்பதால் நேராகக் கழிக்க முடியாது. 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். 1400-க்கு 1980 வரும், போதும்.

ஜப்பான் தனி ரகம். பேரரசர் பட்டமேற்றதிலிருந்து எண்ணுவார்கள். ஷோவா என்ற பேரரசர் காலத்தின் 50-ஆம் ஆண்டு என்றால் 1975. ஷோவா 64 என்பது 1989 ஜனவரியின் முதல் ஏழு நாள் மட்டும்தான், அதற்குள் பேரரசர் இறந்துவிட்டார். இருந்தும் ஷோவா 64 பொறித்த காசுகள் வந்தன. ஏழு நாள் ஆண்டு! ஜப்பானியக் காசு கையில் இருந்தால் அந்த ஆண்டெண்ணை உற்றுப் பாருங்கள்.

ஜப்பான் என்றதும் இன்னொன்று. அவர்களுடைய ஒரு யென் அலுமினியம், சரியாக ஒரு கிராம். தண்ணீரின் மேல் படுக்கைவாட்டில் மெதுவாக வைத்தால் மிதக்கும். தம்ளரைக் கவிழ்த்தவர் இதிலிருந்து தொடங்கலாம்.

ஜனவரி 22

எழுத்துத் தெரியாத காசுகளைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் போகக் கூடாது: சிங்கப்பூர்க் காசிலும் இலங்கைக் காசிலும் தமிழ் இருக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அதைப் 'புரியாத எழுத்து' என்று எழுதி வைத்திருப்பார்கள். நமக்கு மட்டும் அட்டவணை வேண்டாம்.

ஜனவரி 22, இரவு

அடுத்தது, காசின் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று எந்தத் திசையில் நிற்கின்றன என்பது. காசின் தலைப்பக்கம் நிமிர்ந்திருக்கப் பிடித்து, இடம் வலமாகப் புரட்டுங்கள். பின்பக்கமும் நிமிர்ந்தே இருந்தால் மெடல் திசை. தலைகீழாக இருந்தால் நாணயத் திசை. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பிரிட்டிஷ் காசும் யூரோவும் மெடல் திசையில்தான் இருக்கின்றன. அமெரிக்கக் காசு நாணயத் திசை. இரண்டுக்கும் நடுவில் கோணலாக நின்றால் அச்சு நழுவியிருக்கலாம், எடுத்து வையுங்கள். யூரோ ஒன்று தலைகீழாக வந்தால் உடனே எனக்கு எழுதுங்கள்.

மொத்தக் குவியலைப் பிரிக்கும்போது இதைத்தான் முதலில் பார்ப்பேன். இரண்டு யூரோவும் தாய்லாந்தின் பத்து பாட்டும் அகலத்தில் கால் மில்லிமீட்டர்தான் வேறுபாடு, எடை இரண்டும் 8.5 கிராம், இரண்டும் இரு நிற உலோகம். விரலுக்குத் தெரியாது, புரட்டினால் தெரியும்.

ஜனவரி 26

என் அளவுகோலை நானே சந்தேகிக்கத் தொடங்கியிருக்கிறேன். கை மாறித் தேய்ந்தால்தான் மதிப்பு என்றேன். மெடல் எதுவும் கை மாறுவதில்லை. அப்படியானால் இதை என்ன செய்ய?

1915 மே 7-இல் லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. மியூனிக்கில் கார்ல் கோட்ஸ் என்ற மெடல் கலைஞர் தன் செலவில் ஒரு கிண்டல் மெடல் செய்தார். ஒரு பக்கம், தளத்தில் பீரங்கியும் விமானமும் குவிந்த கப்பல் மூழ்குகிறது. மறுபக்கம், பயணச்சீட்டு ஜன்னலுக்குள் எலும்புக்கூடு உட்கார்ந்து சீட்டு விற்கிறது. கூட்டத்தில் ஒருவர் நீர்மூழ்கி எச்சரிக்கை போட்ட செய்தித்தாளை வைத்திருக்கிறார், யாரும் கவனிக்கவில்லை. வியாபாரமே எல்லாம் என்று வாசகம். கோட்ஸ் கேலி செய்தது கப்பல் நிறுவனத்தை. ஆனால் தேதியை மே 5 என்று பொறித்துவிட்டார்.

பிரிட்டிஷ்காரர்கள் இதை லட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு நாள் முன்னதாகவே மெடல் தயாராம், பார், திட்டமிட்ட கொலை! இரும்பில் நகல் வார்த்து, பெட்டியில் போட்டு, விளக்கத் துண்டுப்பிரசுரமும் வைத்து விற்றார்கள். ஏறத்தாழ மூன்று லட்சம். கோட்ஸ் பிறகு மே 7 என்று திருத்தினார். யார் கேட்டது?

இன்று கைக்கு வருவதில் பெரும்பாலானவை அந்த நகல்தான். தேதியில் மாதத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். நகலில் MAY, அசலில் ஜெர்மன் எழுத்துக்கூட்டல் MAI. ஒரே ஒரு எழுத்து.

இந்த மெடல் ஒரு ரொட்டிகூட வாங்கித் தராது. ஆனால் செய்த வேலையை எடைபோட்டால் என் பெட்டியில் உள்ள பாதிக் காசுகள் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஜனவரி 27

ஒரு வாசகர் சரியாகப் பிடித்திருக்கிறார்: "நகலையே அசலுக்கு மேல் தூக்கி வைக்கிறீர்களே?" ஆமாம். அசல் கேலிச் சித்திரம், நகல் போர்க் கருவி. எனக்கு நகல்தான் சுவாரசியம். இரண்டும் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்வேனா, அது வேறு.

பிப்ரவரி 2

இன்னும் குழப்புகிறேன். மேலே சொன்ன வண்டிச்சக்கரப் பென்னி நினைவிருக்கிறதா? ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தத் தீர்ப்பான கைதிகள், கப்பல் ஏறுவதற்கு முன் அந்தப் பென்னியை இருபக்கமும் வழவழவென்று தேய்த்து, ஊசியால் குத்தியோ செதுக்கியோ பெயர், தேதி, தண்டனைக் காலம், இரண்டு வரிப் பாட்டு எழுதி வீட்டாரிடம் விட்டுப் போனார்கள். ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகத்தில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. நாணயம் என்று பார்த்தால் பாழாக்கப்பட்ட காசு, ராஜாவின் முகமே இல்லை. ஒரு பென்னி மதிப்பும் போயிற்று. எந்தப் பெட்டி?

பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1903-ஆம் ஆண்டு பென்னி ஒன்று. ஏழாம் எட்வர்டின் முகத்தின் மேல், பெண்களுக்கு வாக்குரிமை என்ற முழக்கத்தை எழுத்து எழுத்தாகச் சுத்தியால் அடித்திருக்கிறார்கள். கைதி பென்னியைப் புழக்கத்திலிருந்து எடுத்தார். இவர்களோ புழக்கத்தை நம்பியே அடித்தார்கள், காசுதான் ஊரெல்லாம் சுற்றுமே. அரசாங்கக் காசு, தனியார் வாசகம். கேள்வி கேட்டவர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

பிப்ரவரி 3

"அது சேதப்படுத்தப்பட்ட நாணயம், சேகரிக்கத் தகாதது" என்று பதில் வந்திருக்கிறது. சரி. அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி 5

சண்டை இருக்கட்டும், அவசரமான ஒன்று. ஒருவர் படம் அனுப்பியிருக்கிறார், செப்பு-நிக்கல் காசின் மேல் பச்சையாகப் பிசுபிசுப்பு. அது களிம்பு அல்ல. மென்மையான, மடங்கும் பிளாஸ்டிக் பாக்கெட்டில் வைத்ததால் வந்தது. பிவிசி என்ற அந்தப் பிளாஸ்டிக்கை இளக்கச் சேர்க்கும் எண்ணெய் கசிந்து, காலப்போக்கில் அமிலமும் சேர்ந்து உலோகத்தைத் தின்னும். பாக்கெட்டைத் திறந்தால் புதுப் பிளாஸ்டிக் திரைச்சீலை வாசம் அடித்தால் அன்றே காசை வெளியே எடுங்கள்.

சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுத்தால் அந்தப் பிசுக்கு போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு பக்கத்தில் இல்லாமல், கண்ணாடிக் கிண்ணத்தில். நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் நிறமும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். தேய்க்கக் கூடாது, துடைக்கக் கூடாது, தானாக உலர விடுங்கள். உலோகம் ஏற்கெனவே அரித்திருந்தால் அந்தக் குழி போகாது.

எலுமிச்சை, பல்பொடி, பித்தளைப் பாலிஷ் என்று யோசனை சொன்னவர்களுக்கு: செய்யாதீர்கள். நூறாண்டு எடுத்துப் படிந்த நிறத்தை ஐந்து நிமிடத்தில் உரித்துவிட்டு, 'புதுசு மாதிரி' என்று மகிழ்ந்தால் நான் என்ன சொல்ல.

பிப்ரவரி 11

கேள்வி கேட்டவர் தன் குப்பைப் பையிலிருந்து ஒன்றைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். பித்தளை, மேலே ஒரு துளை, நடுவில் பெரிதாக 147. "என்ன மதிப்பு என்றே போடவில்லை" என்று சலிப்பு.

அது மதிப்பாக இல்லாமல் ஆளாக இருக்கலாம். பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் போட்ட வில்லை உண்டு. இறங்கும்போது எடுத்துக்கொள்வார், ஏறியதும் திருப்பித் தருவார். திரும்பாத எண் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறார் என்று பொருள். விபத்து நடந்தால் வில்லைகள் மாட்டும் பலகையைப் பார்த்துத்தான் யார் யார் உள்ளே என்று கணக்கெடுத்தார்கள். துளை ஆணியில் மாட்டுவதற்கு. மதிப்பு இல்லை, துளை உண்டு, பெரிய எண் என்றால் முதலில் இந்தக் கோணத்தில் யோசிப்பேன். ஆனால் ஆலை வாயில் வில்லை, கருவி அறை வில்லை, உடுப்பறை வில்லை எல்லாமே இதே சாயல்தான். எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, விளிம்பிலோ பின்பக்கத்திலோ பெயர் வேண்டும்.

எண் இல்லாமல் மதிப்புப் போட்டும் வெளியே செல்லாத காசும் உண்டு. பிலிப்பைன்ஸின் கூலியன் தீவில் தொழுநோயாளிகளைத் தனியாகக் குடியேற்றி, 1913 முதல் அவர்களுக்கென்றே தனிக் காசு அடித்தார்கள். காசு வழியாக நோய் பரவும் என்ற பயம். அரசு வெளியிட்டது, மதிப்பு பொறித்தது. உங்கள் இலக்கணப்படி நாணயம், தீவுக் கரையைத் தாண்டினால் செல்லாக்காசு. இப்படியே தலைகீழாக, மால்டோவாவிலிருந்து பிரிந்த, எந்த ஐ.நா. உறுப்பு நாடும் அங்கீகரிக்காத டிரான்ஸ்னிஸ்ட்ரியா 2014-இல் பிளாஸ்டிக் மாதிரிக் கலவையில் வட்டம், சதுரம், ஐங்கோணம், அறுகோணம் என்று ரூபிள் காசு விட்டது. நாடே இல்லை என்கிறார்கள், காசு கடையில் ஓடுகிறது.

பிப்ரவரி 12

என் பெட்டிகளைக் கலைத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். நாணயம், டோக்கன், மெடல் என்ற சீட்டுகளைக் கிழித்தாயிற்று. வாங்கியவை, அடையாளம் காட்டியவை, செய்தி சொன்னவை, சும்மா இருந்தவை. சும்மா இருந்தவைதான் பெரிய பெட்டி, அதில் சோமாலியக் கிதார் முதல் ஆள்.

பிப்ரவரி 15

147-இன் பின்பக்கப் படம் வந்துவிட்டது. தேய்மானத்தில் முதல் எழுத்து போய்விட்டது, அடுத்து 'எம்', ஒரு புள்ளி, அப்புறம் 'கோ' போல ஒன்று. துளையின் மேல் ஓரம் மட்டும் நீள்வட்டமாக இழுபட்டிருக்கிறது, நிறைய நாள் ஆணியில் தொங்கியிருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில், காசைச் சாய்த்து வைத்து, நான்கு திசையிலிருந்தும் ஒவ்வொரு படம் எடுத்துப் போடுங்கள். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. எடையும் அகலமும் வேண்டும். குப்பையில் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.